வீதிக்கும் ட்ராக்குக்கும் ஒரே கார்: கொழும்பில் குறைந்த செலவில் தெரிவு செய்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுகுருந்தவில் ஓட வேண்டும். அன்று மாலையே காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தைக்குத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை அதே காரில் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அலுவலகம் போக வேண்டும். வீதிக்கும் ட்ராக்குக்கும் ஒரே காரைத் தேடுகிறவர் இந்த இரண்டு நாள்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். நான் கண்டவரை, இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நினைத்துக் கார் வாங்கியவர்கள்.

ட்ராக் நாள் என்று இங்கே நான் சொல்வது போட்டியை அன்று. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, வேறு போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில் அவரவர் தம் காரை ஓட்டிப் பழகும் நாள் அது. அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நம் நாட்டில் அதற்கான தார்த்தடங்கள் மிகக் குறைவு. களுத்துறையை அடுத்த கட்டுகுருந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. இன்று விசேட அதிரடிப் படையின் பயிற்சிக் கல்லூரி அந்தப் பகுதியில் இருக்கிறது. ஆகவே நினைத்த நாளில் போய் ஓடக்கூடிய இடமன்று, அனுமதி பெற்று ஏற்பாடு செய்யப்படும் நாள்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நுவரெலியாவில் 1934 முதல் அறியப்பட்ட மகாகஸ்தோட்டைக் கார் மலையேற்றப் பந்தயம் தார்ச்சாலையில் நடப்பதுதான். ஆனால் அது கடிகாரத்துக்கு எதிரான போட்டி. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், அனுராதபுரம் கஜபா போன்ற சூப்பர்குரொஸ் பந்தயங்கள் மண் தடத்தில் நடப்பவை. தினமும் வீதியில் ஓடும் காரை மண் தடத்துக்குக் கொண்டுபோவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நாளில் அடித்தட்டும் ஷொக் அப்சோர்பர்களும் ஐந்து வருட வீதி ஓட்டத்தின் தேய்மானத்தைக் கண்டுவிடும். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் தார்த்தடத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

பணத்தை முதலில் பிரித்துவிடுங்கள்

கொழும்பில் ‘மலிவான கார்’ என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில், இருபத்தைந்து வயதான கார்கள்கூட நகைக்கடைப் பொருள் போல விலையேறின. வேறு நாடுகளில் பழைய கார் ஒன்றை ட்ராக்கில் ஓட்டித் தேய்த்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே அதே வயதுக் கார் ஒரு குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பங்கு. ஒரு வளைவில் அது சுவரில் மோதினால் எவ்வளவு இழப்போம், அந்த இழப்பை வீடு தாங்குமா என்ற கேள்வியை வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

தொகையைத் தீர்மானித்த பிறகு அதை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை மட்டும் கார் வாங்க ஒதுக்குங்கள். மூன்றாவது பங்கு வங்கியிலேயே இருக்கட்டும். டயர், பிரேக், ரேடியேட்டர், ரப்பர் புஷ்கள், முதல் நாளின் கட்டணம் எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் வரப்போகின்றன. முழுத் தொகைக்கும் ‘நல்ல கார்’ வாங்கிவிட்டால் இவை எதுவும் தேவைப்படாது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணியவன்தான். இருபது வயதைத் தாண்டிய எந்தக் காரும், எவ்வளவு பேணி வைத்திருந்தாலும், ட்ராக்கின் சூட்டை முதன்முறையாகச் சந்திக்கும்போது தன் குறைகளை வெளியே சொல்லிவிடும்.

எதைத் தேட வேண்டும், எதை விட வேண்டும்

குதிரைவலுவைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை. 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றுவிடும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் ஆற்றல் பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. நம் வெயிலில் 30 பாகையில் இருக்கும் 1.3 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதாவது ஒவ்வொரு பலத்த பிரேக்கும் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. ஒரு சுற்றில் நான்கு முறை அழுத்தினால் நான்கு கேத்தல். எடை கூடக்கூட இந்தச் சூடும், டயர் தேய்மானமும், பெற்றோல் செலவும் சேர்ந்தே கூடுகின்றன. இலேசான, 90 அல்லது 100 குதிரைவலு உள்ள கார் கனமான 200 குதிரைவலுக் காரை விட நீண்ட நேரம் ஓடும், குறைவாகச் செலவு வைக்கும், ஓட்டுநருக்கு அதிகம் கற்பிக்கும். நேர்ப்பாதையில் அது பின்தங்கும் என்பது உண்மை. பழக வந்தவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது கியர். கையால் மாற்றும் கியர் உள்ள காரை மட்டும் பாருங்கள். விளம்பரத்தில் ‘ஓட்டோ’ என்று போட்டிருக்கும் சிறிய ஜப்பானியக் கார்களில் பல, பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. கியர்பெட்டி கொண்டவை. தொடர்ந்து முழு வலுவில் ஓடும்போது அந்தக் கியர்பெட்டியின் ஒயில் சூடேறி, பெல்ட் வழுக்கத் தொடங்கி, சில சுற்றுகளிலேயே கார் தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துவிடும். பழுதாகிவிட்டால் செலவு காரின் விலையில் கணிசமான பங்கை எட்டும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் கொழும்பு நெரிசலுக்கு அருமையானவை. ஆனால் மின்கலம் சூடேறும் இந்த வேலைக்கு உகந்தவை அல்ல.

இனிக் கார்களைப் பெயர் சொல்லியே பேசலாம். கையில் உள்ளது குறைவு என்றால் 1990களின் இரண்டாம் பாதியில் வந்த மிட்சுபிஷி லான்சரைத்தான் முதலில் சொல்வேன். பின்சக்கரங்களுக்கு மல்டி லிங்க் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் தனித்தனியே பிடிக்கும் அமைப்பு, உள்ளதால் வளைவில் பின்பக்கம் அடக்கமாக நிற்கும். கை கியரோடு கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் அதன் உதிரிப்பாகங்களைத் தேடி ஒரு முழு நாள் அலைய வேண்டியதில்லை. வெளித்தோற்றத்துக்காக எவரும் அதை விரும்பி வாங்குவதில்லை என்பதால் விலையும் ஓரளவு நியாயமாக இருக்கிறது.

ஹொண்டா சிவிக்கின் 1996 முதல் 2000 வரையான வடிவம் எல்லோரும் ஆசைப்படும் கார். நான்கு சக்கரங்களையும் மேலும் கீழும் தண்டுகளால் தனித்தனியே பிடிக்கும் டபிள் விஷ்போன் அமைப்பு, உயர் சுழற்சியில் பாடும் வீ-டெக் எஞ்சின், தாழ்ந்த இருக்கை என்று அந்த ஆசைக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இங்குள்ள 1500 சிசி ஓட்டோ சிவிக் கார்கள் பல சி.வி.டி. கொண்டவை. பின்சக்கர வளைவுத் தகடுகள் துருப்பிடிப்பதும், பின்சக்கரத்தைப் பிடிக்கும் டிரெயிலிங் ஆர்ம் தண்டின் ரப்பர் புஷ்கள் கிழிவதும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் திடீரென்று கைவிடுவதும் இதன் வழமையான நோய்கள். அதற்கு மேல், இளைஞர்கள் பலர் கைமாற்றி ஓட்டித் தீர்த்த கார்களே சந்தைக்கு வருகின்றன. அடித்தட்டு சுத்தமாக உள்ள, ஒரே உரிமையாளரிடம் நீண்ட காலம் இருந்த சிவிக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் அந்தப் பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

தினமும் அலுவலகம் போவதே முதன்மை என்பவர்களுக்கு, 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் அறிமுகமான சுசுகி சுவிஃப்ட்டின் 1300 அல்லது 1500 சிசி கை கியர் கார்தான் என் தெரிவு. எடை ஒரு தொன்னைச் சுற்றித்தான், எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ளது, ஏ.சி. நன்றாகக் குளிர்விக்கும், எந்தக் கராஜ் பாஸுக்கும் அதை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் எளிமையான டோர்ஷன் பீம்தான் என்றாலும், நல்ல டயரும் நல்ல ஷொக் அப்சோர்பரும் போட்டால் பழகுகிறவருக்கு அது போதும். அதன் 1600 சிசி ஸ்போர்ட் வடிவம் இன்னும் சிறந்தது, ஆனால் இந்த வழிகாட்டியின் தலைப்பில் உள்ள ‘குறைந்த செலவு’ என்ற சொற்களுக்குள் அது அடங்காது.

நிசான் மார்ச்சின் 1992இல் வந்த வடிவம், ஐரோப்பாவில் மைக்ரா என்ற பெயரில் 1993ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தெரிவானது. ஆயிரம் சிசி எஞ்சினோடு மிக இலேசான அந்தக் கார், வேகத்தைக் கையாள்வதற்கு முன் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுத்தரும். டொயோட்டா ஸ்டார்லெட்டும் 800 கிலோகிராமுக்குக் கிட்டத்தான் நிற்கும். இவ்விரண்டிலும் மோதல் பாதுகாப்பு இன்றைய அளவில் மிகக் குறைவு என்பதை, குடும்பத்தையும் ஏற்றிச் செல்வோர் மறக்கக் கூடாது. மஸ்டா ஃபமிலியாவும் அதன் இரட்டைப் பிறவியான ஃபோர்ட் லேசரும் இந்நாட்டுப் பந்தயங்களில் நீண்ட காலமாக ஓடியவை. அவற்றை ட்ராக்குக்குத் தயார்செய்த கைகள் இன்னும் இருக்கின்றன என்பதே அவற்றின் பெரிய பலம்.

காரைப் பார்க்கப் போகும் நாள்

காலை வேளையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதாக விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள். மழையில் பார்க்க வேண்டாம், நனைந்த பெயின்ட் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். ஒரு டோர்ச், ஒரு சிறு காந்தம், ஒரு பழைய பாய், வெள்ளைத்தாள் இரண்டு, இவை போதும்.

கொழும்புக் கார்களுக்கு இரண்டு தனிப்பட்ட பகைவர்கள் உண்டு: ஒன்று கடல் உப்பு, மற்றது வெள்ளம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை கடற்கரை ஒழுங்கைகளில் கூரையின்றி வருடக்கணக்கில் நின்ற கார்களின் மேற்பூச்சு மின்னிக்கொண்டிருக்கும். பாயை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தால்தான் ஜாக் வைக்கும் விளிம்புகளும் சப்ஃபிரேம் பொருத்தும் இடங்களும் பிஸ்கட் போல உதிர்வது தெரியும். பொனட்டைத் திறந்து, ஷொக் அப்சோர்பரின் மேல்முனை பொருந்தும் இடத்தைச் சுற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். வளைவில் காரின் முழுப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது, அங்கு துரு இருந்தால் வேறொன்றையும் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் கதவுகளின் அடியிலும் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, துளையை மூடிப் பூசிய பட்டிப் பசைதான் இருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2016 மேயில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை மூடியதைப் போன்ற வெள்ளங்களில் நின்ற கார்கள், கழுவி உலர்த்தப்பட்டு மறுபடியும் சந்தைக்கு வந்துவிடுகின்றன. இருக்கைப் பட்டியை இறுதி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். எல்லோரும் இருக்கையையும் கம்பளத்தையும் கழுவுவார்கள். சுருளின் உள்ளே உள்ள கடைசி ஒரு முழப் பட்டியைக் கழுவுகிறவர் அரிது. நான் ஒருமுறை பார்த்த கார் ஒன்றில், மேலே கறுப்பாக இருந்த பட்டி, கடைசிப் பகுதியில் காய்ந்த ஆற்று மண்ணின் நிறத்தில் விறைத்துப்போய் வந்தது. விரலால் நெருடியபோது மாவு போலக் கொட்டியது. மேலதிக டயர் கிடக்கும் பள்ளத்தையும், இருக்கை நகரும் தண்டவாளத்தின் அடிப்பகுதியையும் அதே கண்ணோடு பாருங்கள்.

எஞ்சினுக்கு வரும்போது, ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து உள்ளே உள்ள நீரின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருந்தால் நன்று. துருத் தண்ணீராக இருந்தால், பல வருடங்களாகக் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வீதியில் அது தெரியாது, ட்ராக்கின் ஐந்தாவது சுற்றில் தெரியும். சூடு ஏறுகிறது என்பதற்காக, எஞ்சின் நீரின் சூட்டைச் சீராக வைக்கும் தேர்மொஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே சில கராஜ்களில் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். ஒயில் குச்சியை வெள்ளைத்தாளில் ஒற்றிப் பார்த்து, பால் கலந்த நிறமோ உலோகத் துகளோ இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். விலை பேசி முடிந்த பிறகு, முற்பணம் கொடுக்கும் முன், உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அமுக்கம், அளக்கச் செய்யுங்கள். நான்கு சிலிண்டர்களுக்கு இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த எஞ்சின் ட்ராக்குக்குத் தயாராக இல்லை. இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு வெறும் வீதியைத் தேடாதீர்கள். மாலை ஐந்தரை மணிக்கு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை காலி வீதியில் ஊர்ந்து பாருங்கள். ரேடியேட்டரும் மின்விசிறியும் எப்படி இருக்கின்றன என்பதை அந்த நெரிசலைப் போல உண்மையாகச் சொல்லும் சோதனை வேறில்லை. வெப்ப முள் நடுவிலிருந்து அசையவே கூடாது. பிறகு சற்றே திறந்த இடத்தில், நான்காவது கியரில் மெதுவாக ஓடும்போது அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போது பற்கள் உரசினால் கியர்பெட்டியைத் திறக்க வேண்டிவரும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வட்டமாக ஓட்டும்போது ‘டக் டக்’ என்ற ஒலி கேட்டால் சி.வி. ஜொயின்ட் போய்விட்டது, அது பெரிய குற்றமன்று, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

பத்திரங்களும் காப்புறுதியும்

எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் நிறமும் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு அது பதியப்படாத கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகே பணம் கைமாற வேண்டும். ‘ஓப்பன் பேப்பர்’ என்று, பெயர் மாற்றாமல் பலர் கை மாறிய கார்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றம் முடிந்து உங்கள் பெயருக்கு வரும் வரை ட்ராக்கை நினைக்கவே வேண்டாம்.

காப்புறுதிப் பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியை நிதானமாக வாசியுங்கள். பந்தயத்திலும் வேகப் பரிசோதனையிலும் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வாசகம் பெரும்பாலும் அங்கே இருக்கும். ட்ராக்கில் நேரும் சேதம் முழுவதும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். முதலில் சொன்ன அந்தக் குடும்பப் பேச்சு இதற்காகத்தான்.

மூன்றாவது பங்கைச் செலவிடும் ஒழுங்கு

முதல் ரூபாய் பிரேக்குக்குப் போக வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் லான்சரை வாங்கிய மூன்றாம் வாரத்தில், ஒரு கராஜில் ‘பிரேக் முழுவதும் செய்துவிட்டோம்’ என்று சொன்னதை நம்பி ட்ராக்குக்குப் போனேன். நான்காவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பெடலை மிதித்தபோது அது பஞ்சுப் பொதியை மிதிப்பது போல அடிவரை இறங்கியது. மறுபடி மறுபடி மிதித்து, கியரைக் குறைத்து, வளைவைத் தாண்டிப் புல்லில் போய் நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளில் தெரிந்தது. சூடு ஆறிய பிறகு பிரேக் ஒயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். மேலே ஓர் அங்குலம் தெளிந்த புது ஒயில். அதற்குக் கீழே பிளேன்டீ நிறத்தில் பழையது. சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரின் வடிகால் திருகில் தூசு அப்படியே ஒட்டியிருந்தது, ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

அங்கே நடந்தது இதுதான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 4 ரக ஒயிலின் தரக் கட்டளைப்படி புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 பாகை வரை இறங்கலாம். டொட் 3 ரகத்துக்கு இவை 205, 140. கொழும்பின் ஈரக்காற்றில் இந்த இறக்கம் விரைவாக நடக்கிறது. ஒயில் கொதித்துக் குமிழி உண்டானால், பெடல் அந்தக் குமிழியை நசுக்குமே தவிர, தட்டைப் பிடிக்கும் பிரேக் பேட்டை அழுத்தாது. ஆகவே ட்ராக்குக்கு முன் பழைய ஒயிலை நான்கு சக்கரங்களின் வழியாகவும் முற்றாக வடித்து, மூடி திறக்காத புதுப் போத்தலிலிருந்து டொட் 4 அல்லது டொட் 5.1 நிரப்புங்கள், வடிப்பதை அருகில் நின்று பாருங்கள். பெயர் ஒத்திருக்கும் டொட் 5 சிலிக்கன் ரகம், அது மற்றவற்றோடு கலக்காது, அதை வாங்கிவிடாதீர்கள். கூடவே முன்பக்கத்துக்கு அதிக சூடு தாங்கும் பேட்களும், ரப்பர் குழாய்கள் வெடித்திருந்தால் புதுக் குழாய்களும் தேவை.

அடுத்தது டயர். பக்கவாட்டில் டொட் என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரின் ரப்பர் கட்டியாகிவிட்டிருக்கும். அதை ட்ராக்குக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். புகழ்பெற்ற பெயர் கொண்ட பழைய ‘ரீகண்டிஷன்’ டயரை விட, சாதாரணப் பெயர் கொண்ட புது டயர் மேல். அளவைக் கூட்டி அகல ரிம் போடும் ஆசையையும் தள்ளிவையுங்கள்.

பிறகு ரேடியேட்டரைக் கழுவி, முறையான கூலன்ட், புது ஹோஸ் குழாய்கள், வேலை செய்யும் தேர்மொஸ்டாட். எஞ்சின் ஒயிலை மாற்றி, மேற்குறி வரை நிரப்புங்கள். நீண்ட வளைவில் ஒயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். சிவிக் போன்ற பெல்ட் எஞ்சினில், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடும். இவ்வளவும் முடிந்து பணம் மீந்தால் ஷொக் அப்சோர்பர்களும் புஷ்களும். கார் நேராக நிற்கவும் வளைவில் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் அவைதான் காரணம்.

சத்தமான சைலன்சர் ஒரு குதிரைவலுவும் தராமல் பொலிஸாரின் கவனத்தை மட்டும் தரும். காரை மிகவும் தாழ்த்தினால் நம் ஒழுங்கைகளின் வேகத்தடைகளில் சம்ப் உடையும். உள்ளே இரும்புக் கூண்டு போடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தலைக்கவசத்தோடு ஓடும் பந்தயக் காருக்கு அது உயிர்காக்கும், தலைக்கவசமின்றி பிள்ளைகளையும் ஏற்றி வீதியில் போகும் காரில், ஒரு சிறு மோதலிலேயே தலை அந்த இரும்பில்தான் போய் இடிக்கும். இரண்டு வேலைக்கும் ஒரே கார் என்றால் கூண்டு வேண்டாம். நல்ல நிலையிலுள்ள மூன்றுமுனை இருக்கைப் பட்டியும், இறுக்கமான இருக்கையும் போதும்.

முதல் நாள்

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் போயின. அந்த நாளை நினைவில் வைத்துக்கொண்டு, கூட்டிச் செல்லும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் தடுப்புக்குப் பின்னால், வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து விலகி நிற்கச் செய்யுங்கள். ‘போவதற்கு முன் சற்றுப் பழகிக்கொள்கிறேன்’ என்று இரவில் மரைன் டிரைவில் ஓட்டிப் பார்ப்பதும் கூடாது. நடந்து போகிறவர்கள் உள்ள வீதி எந்த மணியிலும் ட்ராக் அன்று.

காரில் கிடக்கும் குடை, தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் பந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு போகக்கூடிய ஒரு பொருளும் இருக்கக் கூடாது. அதே காரணத்துக்காகக் கால்மிதியையும் எடுத்துவிடுங்கள். முதல் முறை மூன்று சுற்று மட்டும்: ஒன்று சூடாக்க, ஒன்று ஓட்ட, ஒன்று பிரேக்கைத் தொடாமல் ஆற்றி வர. நிறுத்தியவுடன் கைப்பிரேக்கை இழுக்காதீர்கள், சூடான பேட் சூடான தட்டில் அல்லது ட்ரம்மில் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். பொனட்டைத் திறந்து நீர், ஒயில், பிரேக் ஒயில் மட்டங்களைப் பாருங்கள். டயர் காற்று சூட்டில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும்; நான்கிலும் அளந்து, ஏறிய அளவைக் குறைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் புறப்படும் முன் ஆறிய டயரில் மீண்டும் நிரப்ப மறக்காதீர்கள். சக்கர நட்டுகளை டோர்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள்; ஹொண்டா சிவிக்குக்கு அது 108 நியூட்டன் மீற்றர், மற்றக் கார்களுக்கு அவற்றின் கைந்நூலில் உள்ள அளவு.

ஒரு சிறு கொப்பியில் அன்றைய சூடு, டயர் காற்று, எத்தனையாவது சுற்றில் எது முதலில் தளர்ந்தது என்பவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பெடல் தளர்ந்ததா, வெப்ப முள் ஏறியதா, டயர் கத்தியதா, கிளச் வழுக்கியதா: எது முதலில் வந்ததோ, அடுத்த மாதச் சம்பளத்தில் மீதமாகும் பணம் அதற்குத்தான். திங்கட்கிழமை காலை புறப்படும் முன், கார் நின்ற இடத்தின் தரையில் புதிதாக ஏதும் சொட்டியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். சொட்டியிருந்தால் அன்று பிள்ளையை முச்சக்கரவண்டியில் அனுப்பிவிட்டு, காரை நேரே கராஜ் பாஸிடம் கொண்டுபோங்கள்.